எத்தனை லாரி? எண்ணிப் பாருங்கள்!

ஒரு லாரி போனால் சத்தம் கேட்கும். நூறு லாரி போனால் புழுதி எழும். ஆயிரம் லாரி போனால் சாலையே பெயர்ந்து போகும்.

"எங்கள் ஊர் வழியாக லாரி நிறையப் போகிறது" என்று பல ஊர்களில் மக்கள் சொல்கிறார்கள். நிறைய என்றால் எத்தனை? எந்த நேரத்தில் போகின்றன? எங்கிருந்து வருகின்றன? என்ன ஏற்றிச் செல்கின்றன? இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை.

விடை கிடைக்க வழி உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவரும், எண்ணத் தெரிந்தவரும் அந்த விடையைத் தாங்களே கண்டுபிடிக்கலாம். அதைப் பற்றியதே இந்தப் பாடம்.

1. லாரிகள் ஏன் வருகின்றன?

மழைநீர் எங்கே பள்ளமோ அங்கே ஓடும். லாரியும் அப்படித்தான். சரக்கு எங்கே கிடைக்கிறதோ அங்கே வரும். அது எங்கே தேவையோ அங்கே போகும்.

மகாராட்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்தில் லாசல்காவ் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே பெரிய வெங்காயச் சந்தை கூடுகிறது. அறுவடைக் காலத்தில் சுற்றியுள்ள கிராமச் சாலைகளெல்லாம் டிராக்டர்களால் நிறைந்துவிடும். அதே மாநிலத்தின் கோலாப்பூர் மாவட்டம் கரும்புக்குப் பெயர் பெற்றது. ஐப்பசி, கார்த்திகையில் சர்க்கரை ஆலைகள் அரைவையைத் தொடங்கும். அன்று முதல் சில மாதங்கள் கரும்பு வண்டிகள் சாலையை விட்டு இறங்குவதில்லை. அரைவை முடிந்ததும் சாலை வெறிச்சோடிவிடும்.

ஆகவே போக்குவரத்து எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பருவத்துக்குப் பருவம் மாறும். சந்தை நாளில் ஒரு மாதிரி, மற்ற நாளில் வேறு மாதிரி. காலையில் ஒரு மாதிரி, நள்ளிரவில் வேறு மாதிரி.

வேறொரு காரணமும் உண்டு. நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி இருக்கும். எடை மேடை இருக்கும். சுங்கக் கட்டணத்தை மிச்சப்படுத்தவும், எடை மேடையில் மாட்டாமல் இருக்கவும் சில லாரிகள் கிராமச் சாலைக்குத் திரும்பிவிடுகின்றன. அந்தச் சாலை அத்தனை பாரத்தைத் தாங்கும்படி போடப்பட்டதல்ல.

2. சண்டூர் கண்ட லாரிகள்

கர்நாடக மாநிலத்தில் பெல்லாரி மாவட்டம் இருக்கிறது. இப்போது அதைப் பல்லாரி என்றும் எழுதுகிறார்கள். 1953-ஆம் ஆண்டு வரை அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்திருந்தது. அந்த மாவட்டத்தின் ஒரு வட்டம் சண்டூர். சுற்றிலும் மலைகள். மலைகளில் இரும்புத் தாது. மண்ணே செந்நிறமாக இருக்கும்.

அங்கே தாது வெட்டுவது புதிய தொழில் அல்ல. தோணிமலையில் அரசு நிறுவனத்தின் சுரங்கம் 1977-இல் தொடங்கியது. ஆனால் 2000-க்குப் பிறகு நிலைமை மாறியது. சீனாவில் எஃகு ஆலைகள் பெருகின. அவற்றுக்கு இரும்புத் தாது தேவைப்பட்டது. தாதுவின் விலை ஏறியது. 2003-ஐ ஒட்டிச் சண்டூர், ஹொசபேட்டைப் பகுதிகளில் புதிய சுரங்கங்கள் மளமளவென்று எழுந்தன.

வெட்டிய தாது கடலுக்குப் போக வேண்டும். ஆனால் பெல்லாரிக்குக் கடல் கிடையாது. மேற்கே பேலேகேரி, மங்களூர், கோவா துறைமுகங்கள். கிழக்கே கிருஷ்ணபட்டினம், சென்னைத் துறைமுகங்கள். எல்லாமே தொலைவு. ரயில் பாதை இருந்தது. ஆனால் கேட்ட நேரத்தில் எல்லாருக்கும் சரக்கு ரயில் கிடைக்கவில்லை. லாரியோ கேட்ட உடனே கிடைத்தது.

ஆகவே தாது லாரியில் ஏறியது. அன்று 63 என்ற எண் பெற்றிருந்த தேசிய நெடுஞ்சாலை, கூட்டி என்னும் ஊரிலிருந்து பெல்லாரி, ஹொசபேட்டை, ஹூப்ளி வழியாக மேற்குக் கடற்கரையின் அங்கோலா வரை சென்றது. அந்தச் சாலையிலும், சுரங்கத்திலிருந்து அதற்கு வரும் சிறிய சாலைகளிலும் தாது லாரிகள் வரிசை வரிசையாகச் சென்றன.

கிராம மக்களின் வாழ்க்கை மாறியது. சாலையோர வீடுகளின் சுவரில் செம்புழுதி படிந்தது. பயிரின் இலையிலும் படிந்தது. சாலையில் பள்ளம் விழுந்தது. பள்ளத்தில் மழைநீர் தேங்கியது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும், சைக்கிளில் போகிறவர்களும், மாட்டுவண்டிக்காரர்களும் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி நின்றார்கள்.

3. ஒரு கணக்கு

தாதுவை டன் கணக்கில் சொல்வார்கள். 1 டன் என்பது 1,000 கிலோ. ஆனால் "கோடி டன்" என்று சொன்னால் மனத்தில் ஒரு படமும் எழாது. அதை லாரிக் கணக்கில் மாற்றிப் பாருங்கள்.

2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பெல்லாரி மாவட்டச் சுரங்கங்களுக்கு ஒரு வரம்பு வைத்தது. ஆண்டுக்கு 2.5 கோடி டன்னுக்கு மேல் வெட்டக் கூடாது என்பதே அந்த வரம்பு.

பத்துச் சக்கர லாரி ஒன்று 16 டன் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாதுவும் லாரியிலேயே போனால் என்ன ஆகும்?

2,50,00,000 டன் ÷ 16 டன் = 15,62,500 லோடு.

15,62,500 லோடு ÷ 365 நாள் = ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4,280 லோடு.

போன லாரி காலியாகத் திரும்பி வரும். ஆகவே 4,280 × 2 = 8,560 தடவை.

8,560 ÷ 24 மணி = ஒரு மணிக்கு ஏறத்தாழ 357 தடவை.

357 ÷ 60 நிமிடம் = ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 தடவை.

அதாவது 10 நொடிக்கு ஒரு லாரி. பகலும் இரவும், ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும்.

உண்மையில் எல்லாத் தாதுவும் ஒரே சாலையில் போவதில்லை. பல சாலைகளில் பிரியும். ஒரு பகுதி ரயிலிலும் போகும். ஆனாலும் இந்தக் கணக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது. சுரங்கத்துக்கோ ஆலைக்கோ அனுமதி கொடுக்கும்போது, "எத்தனை டன்?" என்ற கேள்வி மட்டும் போதாது. "எத்தனை லாரி? எந்தச் சாலை?" என்றும் கேட்க வேண்டும்.

சரக்கு ரயில் ஒன்று ஒரே தடவையில் 3,500 டன்னுக்கு மேல் ஏற்றிச் செல்லும். அது 16 டன் லாரிகளில் ஏறத்தாழ 220 லாரிகளுக்குச் சமம். ஒரு ரயில் கூடினால், 220 லாரி குறையும்.

4. சாலை ஏன் உடைகிறது?

சாலையை உடைப்பது லாரியின் எண்ணிக்கை மட்டும் அல்ல. அதன் எடையும்தான்.

லாரியின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டுக்கு அச்சு என்று பெயர். லாரியின் பாரம் அச்சு வழியாகச் சக்கரத்துக்கு இறங்கும். சக்கரத்திலிருந்து சாலைக்கு இறங்கும். மேலே தார். தாருக்குக் கீழே ஜல்லி. ஜல்லிக்குக் கீழே மண். பாரம் அளவோடு இருந்தால் சாலை தாங்கும். அளவை மீறினால் மண் அமுங்கும். மண் அமுங்கினால் தார் வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் இறங்கும். பிறகு பள்ளம்தான்.

பாரம் இரண்டு மடங்கானால் சேதமும் இரண்டு மடங்காகும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் சாலை போட்டு, அதில் லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அந்தச் சோதனையிலிருந்து கிடைத்த கணக்கைத்தான் இந்தியப் பொறியாளர்களும் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கணக்கு இதுதான்:

அச்சின் பாரம் 8 டன் என்றால், சேதம் 1 பங்கு.
அச்சின் பாரம் 12 டன் என்றால், சேதம் 5 பங்கு.
அச்சின் பாரம் 16 டன் என்றால், சேதம் 16 பங்கு.

பாரம் இரண்டு மடங்கு. சேதம் பதினாறு மடங்கு! அதாவது 2 × 2 × 2 × 2 = 16. பத்து ஆண்டு இருக்க வேண்டிய சாலை ஓரிரு ஆண்டில் உடைவதன் ரகசியம் இதுதான்.

அதிகப் பாரம் ஏற்றுவதைச் சட்டம் தடுக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு அபராதம் விதிக்கிறது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. திருத்திய சட்டத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கிய பிறகே லாரி நகரலாம். லாரியை ஓட்டியவர் மட்டும் குற்றவாளி அல்ல. அப்படி ஓட்டச் செய்தவரும், ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளிகளே.

2018-இல் அரசு லாரிகளின் எடை வரம்பைக் கூட்டியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னாக இருந்தது. அது 18.5 டன் ஆனது. பின் அச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன் ஆனது. ஒரே லாரியில் அதிகச் சரக்குப் போனால் செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் பழைய கிராமச் சாலைகள் பழைய எடைக்குப் போடப்பட்டவை. இதையும் மறக்கக் கூடாது.

5. லாரிக்காரரும் தொழிலாளிதான்

ஊரில் விபத்து நடந்தால் கோபம் முதலில் டிரைவர் மேல்தான் பாயும். ஆனால் டிரைவர் ஏன் வேகமாகப் போகிறார்? எத்தனை நடை போனாரோ அதற்குத்தான் பலருக்குக் கூலி. ஒரு நடை குறைந்தால் கூலி குறையும். லாரி முதலாளி கடன் வாங்கி லாரி வாங்கியிருப்பார். மாதத் தவணை கட்ட வேண்டும். சரக்கு அனுப்புகிறவர் ஒரு லோடில் முடிந்த அளவு ஏற்றச் சொல்வார். இத்தனை பேரின் அவசரமும் டிரைவரின் காலடியில் வந்து சேர்கிறது.

பெல்லாரியில் இந்த உண்மை இன்னொரு விதமாகவும் வெளிப்பட்டது. அங்கே அனுமதியில்லாத சுரங்கங்கள் பற்றிப் புகார்கள் எழுந்தன. அனுமதித்த அளவுக்கு மேல் வெட்டுவதாகவும், லாரிகளில் அளவுக்கு மேல் ஏற்றுவதாகவும் புகார்கள் வந்தன. கர்நாடக லோக் ஆயுக்தா விசாரித்தது. நீதிபதி சந்தோஷ் ஹெக்டே 2008-இல் முதல் அறிக்கையையும், 2011 ஜூலையில் அடுத்த அறிக்கையையும் கொடுத்தார். 2010 ஜூலையில் கர்நாடக அரசு தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2011 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் பெல்லாரி மாவட்டத்தில் சுரங்க வேலையை நிறுத்தியது.

சாலையில் லாரி குறைந்தது. புழுதி அடங்கியது. ஆனால் பலருடைய பிழைப்பும் நின்றது. கடனில் வாங்கிய லாரிகள் சும்மா நின்றன. டிரைவர்களுக்கும் கிளீனர்களுக்கும் வேலை போனது. டயர் பஞ்சர் ஒட்டுகிறவரும், சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்காரரும் வருமானம் இழந்தார்கள்.

ஆகவே, "லாரியே வேண்டாம்" என்பது தீர்வாகாது. "எத்தனை லாரி வேண்டுமானாலும் போகட்டும்" என்பதும் தீர்வாகாது. சாலை தாங்கும் அளவு, ஊர் தாங்கும் நேரம், சட்டம் அனுமதிக்கும் எடை ஆகிய மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

பிறகு நிபந்தனைகளோடு சுரங்கங்கள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. சண்டூர்ப் பகுதியிலிருந்து தோரணகல்லு எஃகு ஆலைக்கு 20 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஓடும் பட்டை அமைத்தார்கள். குழாய் போலச் சுருண்ட அந்தப் பட்டையில் தாது போகிறது. புழுதி பறப்பதில்லை. அந்த அளவுக்குச் சாலையில் லாரியும் குறைகிறது. 2022-இல் உச்ச நீதிமன்றம் பெல்லாரிக்கான வரம்பை ஆண்டுக்கு 3.5 கோடி டன்னாக உயர்த்தியது. தாது கூடும்போது லாரியும் கூடாமல் இருக்க வேண்டும் என்றால், இத்தகைய வழிகளும் ரயிலும் கூட வேண்டும்.

6. உங்கள் ஊரில் எண்ணுவது எப்படி?

சண்டூர் தொலைவில் இருக்கிறது. உங்கள் ஊரில் கல் குவாரி இருக்கலாம். செங்கல் சூளை இருக்கலாம். ஆற்று மணல், கரும்பு, நிலக்கரி என்று ஏதாவது ஒன்று இருக்கலாம். எண்ணும் முறை எல்லாருக்கும் ஒன்றே.

பொறியாளர்களும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 1934-இல் தொடங்கியது. சாலைகளுக்கான விதிமுறைகளை அது எழுதுகிறது. ஊர்ப்புறச் சாலையில் தொடர்ந்து 7 நாள், 24 மணி நேரமும் வண்டிகளை எண்ண வேண்டும் என்பது அதன் முறை. ஆண்டுக்கு இரண்டு தடவை எண்ண வேண்டும். ஒன்று, அறுவடையும் விற்பனையும் மும்முரமாக நடக்கும் காலத்தில். மற்றொன்று, போக்குவரத்துக் குறைந்த காலத்தில்.

ஊர் மக்கள் 24 மணி நேரமும் எண்ண முடியாமல் போகலாம். காலை 6 முதல் மாலை 6 வரை ஒரு வாரம் எண்ணினாலே பல உண்மைகள் வெளிவரும்.

தேவையானவை: ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு கடிகாரம்.

செய்ய வேண்டியவை:

இருவர் இருவராக முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஊருக்குள் வரும் வண்டிகளை எண்ணட்டும். மற்றவர் ஊரை விட்டுப் போகும் வண்டிகளை எண்ணட்டும்.

சாலையை விட்டுத் தள்ளி, நிழலில் உட்காருங்கள். வண்டியை நிறுத்தாதீர்கள். டிரைவரோடு வாதாடாதீர்கள். பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

ஒரு வண்டிக்கு ஒரு கோடு போடுங்கள். நான்கு கோடு போட்ட பிறகு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போடுங்கள். ஐந்து ஐந்தாக எண்ணுவது எளிது.

ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனி வரி எழுதுங்கள். லாரி, பேருந்து, டிராக்டர், கார், மோட்டார் சைக்கிள், சைக்கிள், மாட்டுவண்டி என்று தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

லாரிக்கு மட்டும் இரண்டு குறிப்புகள் கூடுதலாக எழுதுங்கள். சரக்கு இருக்கிறதா, காலியா? தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா?

7. எண் பேசும்

ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ஒற்றைச் சாலை. சாலையோரம் பள்ளிக்கூடம். அருகே கல் குவாரி. ஊர்ப் பெண்கள் குழு லாரிகளை எண்ணியது. ஒரு நாள் கணக்கில் ஒரு பகுதி இது. (எடுத்துக்காட்டுக்காக மட்டும்.)

காலை 6 முதல் 7 வரை: 18 லாரி
காலை 7 முதல் 8 வரை: 31 லாரி
காலை 8 முதல் 9 வரை: 64 லாரி
காலை 9 முதல் 10 வரை: 58 லாரி
காலை 10 முதல் 11 வரை: 27 லாரி
மாலை 3 முதல் 4 வரை: 30 லாரி
மாலை 4 முதல் 5 வரை: 61 லாரி

மொத்தம் 7 மணி நேரத்தில் 289 லாரி.

இந்தப் பட்டியலைப் பாருங்கள். லாரிகள் மிகுதியாகப் போவது எப்போது? பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரத்தில். திரும்பி வரும் நேரத்தில். எண்ணுவதற்கு முன்பு, நாள் முழுவதும் ஆபத்து என்று ஊரார் எண்ணியிருந்தார்கள். எண்ணிய பிறகு, எந்த மூன்று மணி நேரம் மிக ஆபத்தானது என்று தெரிந்தது.

சாலை எவ்வளவு தாங்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. பொறியாளர்கள் ஒரு காரை 1 என்று வைக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் அரை. லாரியும் பேருந்தும் 3. டிரெய்லர் பூட்டிய டிராக்டர் 4.5. பெரிய மாட்டுவண்டி 8! மாட்டுவண்டி மெல்லப் போகும். பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் காத்திருக்க வேண்டும். அதனால்தான் அதற்கு இத்தனை மதிப்பு.

சமவெளியில் உள்ள ஒற்றைச் சாலை ஒரு நாளைக்கு 2,000 வரை தாங்கும் என்பது பொறியாளர்களின் கணக்கு. மேலே சொன்ன ஊரில் 289 லாரி × 3 = 867. ஏழு மணி நேரத்தில் லாரிகள் மட்டுமே இவ்வளவு இடத்தைப் பிடிக்கின்றன. மற்ற வண்டிகளையும், மற்ற நேரத்தையும் சேர்த்தால் எவ்வளவு ஆகும்?

8. கிராம சபையில்

எண் கையில் இல்லாதபோது பேச்சு இப்படி நடக்கும்:

"ஐயா, லாரி ரொம்பப் போகுதுங்க. பிள்ளைங்களை அனுப்பவே பயமா இருக்கு."

"அப்படியாம்மா? சரி, பார்க்கலாம்."

எண் கையில் இருந்தால் பேச்சு மாறும்:

"ஐயா, காலையில எட்டுக்கும் பத்துக்கும் இடையில 122 லாரி போகுதுங்க. அதுல பாதிக்கு மேல தார்ப்பாயே போடல. ஏழு நாள் எண்ணியிருக்கோம். இதோ நோட்டு."

"கொடுங்கம்மா. இதைத் தீர்மானமாவே எழுதிடலாம். மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம்."

"பார்க்கலாம்" என்பது தீர்மானமாக மாறிவிட்டது. மாற்றியது அந்த நோட்டு.

தீர்மானத்தில் என்னென்ன கேட்கலாம்?

ஒன்று: பள்ளி நேரத்தில் கனரக வண்டிகளை நிறுத்தி வைக்கக் கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. பொதுமக்களின் பாதுகாப்புக்காக ஒரு சாலையில் சில வகை வண்டிகளைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் அளித்தவர்களுக்கும் உரிமை உண்டு.

இரண்டு: லாரிகளை எடை போட்டுப் பார்க்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்கலாம்.

மூன்று: வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை, நடந்து போக ஓரப்பாதை ஆகியவற்றைக் கேட்கலாம். வேகத்தடையை ஊராரே மண்ணைக் கொட்டிப் போடக் கூடாது. வெள்ளைக் கோடும் பலகையும் இல்லாத வேகத்தடையே விபத்துக்குக் காரணம் ஆகிவிடும்.

நான்கு: சுரங்கம் உள்ள மாவட்டமானால் மாவட்டக் கனிம அறக்கட்டளையிடம் கேட்கலாம். 2015-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி இது அமைந்தது. சுரங்க உரிமையாளர்கள் இதற்குப் பணம் கட்டுகிறார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கும் ஊர்களுக்கும் செலவிட வேண்டிய பணம் இது.

சாலையில் பள்ளம் விழுந்தால் முதலில் சாலையோரப் பலகையைப் படியுங்கள். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கியது. இந்தத் திட்டத்தில் போட்ட சாலைகளில் பலகை வைப்பார்கள். சாலையின் நீளம், செலவு, ஒப்பந்தக்காரர் பெயர் ஆகியவை அதில் இருக்கும். சாலை போட்ட பிறகு 5 ஆண்டு வரை ஒப்பந்தக்காரரே அதைப் பராமரிக்க வேண்டும். பலகையைப் படிக்கத் தெரிந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும்.

வேறு விவரம் தேவையானால் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "இந்தச் சாலை எத்தனை டன் வண்டிக்காகப் போடப்பட்டது? கடைசியாக எப்போது வண்டிகளை எண்ணினீர்கள்?" என்று கேளுங்கள்.

9. உயிர்க் கணக்கு

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலையில் இறந்தவர்கள். மீதிப் பேர் மாநில நெடுஞ்சாலையிலும், மாவட்டச் சாலையிலும், ஊர்ச் சாலையிலும், நகரத் தெருவிலும் இறந்தவர்கள்.

லாரி இருக்கும் சாலையில் இவற்றை மறக்க வேண்டாம். லாரியின் முன்னால் ஒட்டியும், பக்கவாட்டில் ஒட்டியும் இருப்பவர் டிரைவரின் கண்ணுக்குத் தெரியமாட்டார். பாரம் ஏற்றிய லாரி நினைத்த இடத்தில் நிற்காது. இரவில் டிராக்டர் டிரெய்லரின் பின்னால் ஒளிரும் பட்டை ஒட்ட வேண்டும். பழுதான வண்டியை விளக்கில்லாமல் சாலையில் நிறுத்தக் கூடாது.

விபத்து நடந்தால் 112 அல்லது 108 எண்ணை அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையானால் 1033. அடிபட்டவருக்கு உதவியவரை வழக்கில் சிக்க வைக்கக் கூடாது என்று 2019-இல் திருத்திய சட்டத்தின் 134-ஏ பிரிவு சொல்கிறது. உதவியவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே அஞ்சாமல் உதவுங்கள்.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.

1. பெல்லாரியில் தாது ஏன் லாரியில் ஏறியது?
2. அச்சின் பாரம் 8 டன்னிலிருந்து 16 டன் ஆனால் சாலையின் சேதம் எத்தனை மடங்கு ஆகும்?
3. மாட்டுவண்டிக்கு லாரியை விட அதிக மதிப்புக் கொடுப்பது ஏன்?
4. 2011-இல் சுரங்கம் நின்றபோது நன்மை அடைந்தவர்கள் யார்? துன்பம் அடைந்தவர்கள் யார்?

ஆ. கணக்குப் போடுங்கள்.

ஆண்டுக்கு 3.5 கோடி டன் தாது வெட்டப்படுகிறது. ஒரு லாரி 16 டன் ஏற்றும். எல்லாம் லாரியில் போனால் ஒரு நாளைக்கு எத்தனை லோடு? (விடை: ஏறத்தாழ 5,993.) அதில் பாதி ரயிலில் போனால் சாலையில் எத்தனை லோடு மிஞ்சும்?

இ. கூடிப் பேசுங்கள்.

உங்கள் ஊர்ச் சாலையில் எந்த நேரத்தில் லாரி மிகுதியாகப் போகிறது? அந்த நேரத்தில் சாலையைக் கடப்பவர்கள் யார்? லாரியை நம்பிப் பிழைப்பவர்கள் உங்கள் ஊரில் யார்? அவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள்.

ஈ. செய்து பாருங்கள்.

வரும் திங்கட்கிழமை காலை 8 மணி முதல் 9 மணி வரை உங்கள் சாலையில் போகும் வண்டிகளை எண்ணி எழுதுங்கள். அடுத்த திங்கட்கிழமையும் அதே நேரத்தில் எண்ணுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு, கற்போர் மையத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டி வையுங்கள்.

சொற்பொருள்

அச்சு: சக்கரங்களை இணைக்கும் தண்டு.
லோடு: ஒரு தடவை ஏற்றும் சரக்கு.
எடை மேடை: லாரியைச் சரக்கோடு நிறுத்தி எடை பார்க்கும் இடம்.
கனிமம்: பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் பொருள்.
தீர்மானம்: கூட்டத்தில் எல்லாரும் கூடி முடிவு செய்து எழுதுவது.